ஹாரி ஸ்மித் மறக்கவில்லை, நாமும் மறக்கலாகாது

யுத்தத்துக்குப் போய் உயிரோடு திரும்பிய சிப்பாயை எப்படிக் கௌரவிப்பது?

ஆளும் வர்க்கத்துக்கு இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. வருஷத்தில் ஒரு நாள் பாண்டு வாசிப்பார்கள். மலர் வளையம் வைப்பார்கள். மந்திரி தலையைக் குனிந்து இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்பார். மூன்றாவது நிமிஷம் காரியாலயத்துக்குத் திரும்பி, அந்தச் சிப்பாயின் மனைவி போகும் ஆஸ்பத்திரியிலும் அவன் பேரன் படிக்கும் பள்ளிக்கூடத்திலும் எந்தச் செலவை வெட்டலாம் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்.

தொழிலாளி வர்க்கத்தின் வழி வேறு. அந்த மனிதன் எந்த வீட்டில் பிறந்தான்? சிறு வயதில் என்ன சாப்பிட்டான்? யாரைப் பறிகொடுத்தான்? எதற்காக ராணுவ உடுப்பு போட்டான்? திரும்பி வந்தபின் என்ன கேட்டான்? இவற்றைத்தான் நாம் விசாரிக்க வேண்டும். அவன் கேட்டது கிடைத்ததா, கிடைத்தது நிலைத்ததா என்றும் பார்க்க வேண்டும். இதுதான் உண்மையான அஞ்சலி.

2018 நவம்பர் 28-ந் தேதி, கனடா நாட்டின் பெல்வில் நகரில் 95 வயதில் ஒரு கிழவர் காலமானார். அவர் பெயர் ஹாரி லெஸ்லி ஸ்மித். இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றியவர். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே பெண்ணோடு குடும்பம் நடத்தி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அவர் ஜெனரல் அல்ல. மந்திரி அல்ல. ஆனால் கடைசி ஐந்தாறு வருஷங்களில் இங்கிலாந்தின் பிரதம மந்திரிக்கே பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்டவர். அவருடைய நீண்ட வாழ்வில் நம் ஆலைத் தொழிலாளருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

சுரங்கத் தொழிலாளி வீடு

ஹாரி 1923 பிப்ரவரி 25-ந் தேதி யார்க்‌ஷையர் பிரதேசத்தில் பார்ன்ஸ்லி என்ற ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ஊர் அது. தகப்பனார் சுரங்கத்தில் கரி வெட்டுகிறவர். உலகத்தில் கால் பங்கை ஆண்ட சாம்ராஜ்யத்தின் தொழிலாளி வீடு எப்படி இருந்தது? இங்கிலாந்துக்காரன் என்றாலே பங்களாவும் வெள்ளிக் கரண்டியும் என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். அது துரைமார்களின் இங்கிலாந்து. ஹாரி பிறந்தது பசியின் இங்கிலாந்து.

1926-ல் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். வேலை நேரத்தைக் கூட்டச் சொன்னார்கள். ஒப்புக்கொள்ளாத தொழிலாளர்களைக் கதவடைப்புச் செய்து வெளியே நிறுத்தினார்கள். மே 4-ந் தேதி நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. ரயில் நின்றது, துறைமுகம் நின்றது, அச்சகம் நின்றது. ஆனால் ஒன்பதாம் நாள், மே 12-ந் தேதி, மேல்மட்டத் தொழிற்சங்கத் தலைவர்கள் போராட்டத்தை வாபஸ் வாங்கிச் சுரங்கத் தொழிலாளர்களைக் கைவிட்டார்கள். அவர்கள் தன்னந்தனியாக நவம்பர் மாதம் வரை பட்டினி கிடந்து போராடினார்கள். அப்போது சோவியத் நாட்டுத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து வசூலித்து அனுப்பிய தொகை பத்து லட்சம் பவுனுக்கு மேல். படைவீரர்கள் தொழிலாளிகள்மேல் சுடக்கூடாது என்று லண்டன் ஹைடு பார்க் மேடையில் பேசியதற்காக ஒரு பார்லிமெண்டு மெம்பர் இரண்டு மாதம் சிறை சென்றார். அவர் யார் தெரியுமா? பம்பாயில் பிறந்த இந்தியர், கம்யூனிஸ்டு தோழர் ஷாபூர்ஜி சக்லத்வாலா!

அந்த வருஷம் ஹாரிக்கு மூன்று வயது. அதே 1926-ல்தான் அந்தக் குடும்பத்தின் மூத்த பெண், மாரியன் என்ற பத்து வயதுக் குழந்தை, காசநோயால் இறந்தாள்.

எங்கே இறந்தாள்? வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லை. டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லை. 'ஒர்க்ஹவுஸ்' என்று ஒன்று அந்த நாட்டில் இருந்தது. வேலை வீடு என்று அர்த்தம். உண்மையில் அது ஏழைகளின் சிறை. வேறு கதியற்றவர்களை அடைத்துவைத்து, அரை வயிற்றுச் சாப்பாட்டுக்கு வேலை வாங்குகிற இடம். அதை ஒட்டிய நோயாளிக் கூடத்தில் கொண்டுபோய்க் குழந்தையைப் போட்டார்கள். அங்கேயே உயிர் போயிற்று. அனாதைப் பிணங்களைப் போடும் பொதுக் குழியில் புதைத்தார்கள். கல் இல்லை. பெயர் இல்லை.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. பணக்காரனும் செத்தான் என்று சிலர் வாதம் பேசலாம். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, வாஸ்தவம். ஆனால் பணக்கார வீட்டுக் குழந்தைக்குக் காற்றோட்டமான அறையும் பாலும் முட்டையும் நல்ல ஓய்வும் கிடைத்தன. மலையடிவாரத்துச் சானிடோரியம் கிடைத்தது. அவற்றால் பிழைத்தவர்கள் உண்டு. மாரியனுக்குக் கிடைத்தது ஈரம் படிந்த சுவரும் ரொட்டித் துண்டும். கிருமி எல்லாருக்கும் பொதுதான். ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை முதலில் சாக வேண்டும் என்பதைக் கூலியும் வீட்டு வாடகையும் நிர்ணயித்தன.

தெருவில் ஒரு பெண் புற்றுநோயால் படுத்திருந்தாள். வலியை மரக்கச் செய்யும் மருந்து வாங்கக் காசில்லாமல் அவள் கதறிய கதறல் தெருவெல்லாம் கேட்டது. அந்தச் சத்தத்தையும் ஹாரி தொண்ணூறு வயதிலும் மறக்கவில்லை.

தகப்பனாருக்கு வேலை போயிற்று. குடும்பம் பிராட்போர்டு நகரத்துக்குப் பிழைக்கப் போயிற்று. பிராட்போர்டு கம்பளி ஆலைகளின் ஊர். 1890 டிசம்பரிலிருந்து 1891 ஏப்ரல் வரை கூலி வெட்டை எதிர்த்து மானிங்ஹாம் ஆலைத் தொழிலாளர்கள் போராடிய ஊர். ஏழை ஜனங்கள் கும்பலாகத் தங்கும் மலிவான விடுதிகளில் ஹாரி குடும்பம் காலம் தள்ளியது. ஏழாவது வயதில் சிறுவன் ஹாரி பீர் பாட்டில்களைத் தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோகும் வேலைக்குச் சென்றான். வறுமை அந்தக் குடும்பத்தையே பிளந்தது. தாயும் தகப்பனும் பிரிந்தார்கள். இதைச் சொல்ல ஹாரி வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ராணுவ உடுப்பில் தொழிலாளி

1941-ல், 18 வயதில், ஹாரி விமானப் படையில் சேர்ந்தார். கம்பியில்லாத் தந்தி இயக்கும் வேலை. ஹிட்லரின் பாசிசத்தை எதிர்த்து உலகமே எழுந்த காலம் அது. அந்த யுத்தத்தில் சோவியத் மக்கள் 2 கோடியே 70 லட்சம் பேர் உயிரிழந்தார்கள். இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் ராணுவத்தில் பணியாற்றினார்கள். அவர்களில் பலர் ஏழை வீடுகளின் பிள்ளைகள்.

ஹாரி தம்மைப் பெரிய வீரராகக் காட்டிக்கொண்டதே இல்லை. தமக்கு அதிர்ஷ்டம் இருந்தது, பெரிய ஆபத்தில்லாமல் தப்பினேன் என்றுதான் சொல்லுவார். மார்பில் பதக்கம் குலுக்கி வீரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். நிஜமாகப் போனவர்கள் அப்படிப் பேசுவதில்லை.

யுத்தம் முடிந்தபோது அவர் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் இருந்தார். ஹாம்பர்க் துறைமுகத் தொழிலாளர்களின் நகரம். ஜெர்மன் கம்யூனிஸ்டுத் தலைவர் எர்ன்ஸ்ட் தேல்மான் பிறந்த ஊர். தேல்மானைப் பதினோரு வருஷம் சிறையில் அடைத்துவைத்து, 1944 ஆகஸ்டில் புகன்வால்டு முகாமில் நாஜிகள் சுட்டுக்கொன்றார்கள். ஹிட்லர் முதன்முதலில் கழுத்தை நெரித்தது சொந்த நாட்டுத் தொழிலாளியைத்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அந்த நகரம் இடிந்து கிடந்தது. 1943 ஜூலையில் ஹாரி பணியாற்றிய அதே விமானப் படை குண்டு போட்டதில் சுமார் 40 ஆயிரம் பேர் அங்கே மாண்டிருந்தார்கள். அதில் பெரும்பாலோர் தொழிலாளர் குடியிருப்புகளில் வசித்தவர்கள். எஞ்சிய ஜனங்கள் இடிபாடுகளுக்கு நடுவே பசியால் வாடினார்கள். ஜெர்மானியரோடு பேசவும் பழகவும் கூடாது என்று முதலில் பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவு போட்டிருந்தது. ஆனால் பசித்த முகத்தை ஹாரி பார்த்தவர். அது பார்ன்ஸ்லியில் பார்த்த முகம்; பிராட்போர்டில் பார்த்த முகம். அந்த ஊரில் பிரீடே என்ற ஜெர்மன் பெண்ணை நேசித்தார். 1947-ல் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். விரோதி நாட்டுப் பெண் என்று சொன்னவர்களின் வார்த்தையை அவர் காதில் வாங்கவில்லை. 1999-ல் அந்த அம்மாள் இறக்கும்வரை 52 வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். தொழிலாளிக்குத் தொழிலாளி ஜென்ம விரோதி என்று யுத்த வெறியர்கள் சொல்லுவது பொய் என்பதற்கு அந்தக் குடும்பமே அத்தாட்சி.

சிப்பாய்கள் என்ன கேட்டார்கள்?

1945 ஜூலை 5-ந் தேதி இங்கிலாந்தில் பொதுத் தேர்தல். வெளிநாடுகளிலிருந்த படைவீரர்களின் வாக்குகள் வந்துசேர வேண்டும் என்பதற்காக மூன்று வாரம் கழித்து, ஜூலை 26-ந் தேதிதான் முடிவு வந்தது. யுத்தத்தை ஜெயித்துக் கொடுத்தவர் என்று பத்திரிகைகள் புகழ்ந்த சர்ச்சில் படுதோல்வி அடைந்தார். தொழிற்கட்சிக்கு 393 ஸ்தானங்கள். கம்யூனிஸ்டு தோழர்கள் காலஹரும் பிராட்டினும் ஜெயித்தார்கள். 22 வயதான ஹாரி முதன்முறையாக வாக்களித்த தேர்தல் அது. சிப்பாயும் அவன் வீட்டாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: பழைய 1926-க்கு நாங்கள் திரும்பப் போகமாட்டோம்!

வாக்குச்சீட்டோடு நின்றார்களா? இல்லை. 1946 ஜனவரியில் கராச்சியில் டிரிக் ரோடு விமானத் தளத்தில் பிரிட்டிஷ் விமானப் படையினரே வேலைநிறுத்தம் செய்தார்கள். யுத்தம் முடிந்து மாதங்கள் ஆகியும் எங்களை ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை, காலனி நாட்டு மக்களை அடக்கவா எங்களை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், எகிப்து என்று தளம் தளமாக அது பரவியது. ஐம்பது ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். அடுத்த மாதம், பிப்ரவரி 18-ந் தேதி, பம்பாயில் இந்தியக் கடற்படை மாலுமிகள் எழுந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்து குண்டடி பட்டுச் செத்தார்கள். ராணுவ உடுப்புக்குள் இருப்பதும் தொழிலாளியின் உடம்புதான் என்பதை அந்த இரண்டு மாதங்கள் உலகத்துக்குக் காட்டின.

1948 ஜூலை 5

அந்தப் போராட்ட அலையில் பிரிட்டிஷ் ஜனங்கள் வாங்கிய பெரிய சலுகை இலவச மருத்துவம். 1948 ஜூலை 5-ந் தேதி முதல், பிரிட்டனில் எவரும் டாக்டரிடம் போனால் காசு கேட்கக்கூடாது, ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் போடக்கூடாது என்று ஆயிற்று. வரிப்பணத்திலிருந்து சர்க்காரே அத்தனை செலவையும் ஏற்றது.

இதைக் கொண்டுவந்த மந்திரி அனூரின் பெவன். அவரும் சுரங்கத் தொழிலாளிதான். 13 வயதில் கரிக்குழியில் இறங்கியவர். அவருடைய ஊரான வேல்ஸ் நாட்டு டிரெடிகரில் தொழிலாளர்கள் வாராவாரம் கூலியிலிருந்து காசு போட்டு, தங்களுக்கென்று டாக்டரும் ஆஸ்பத்திரியும் வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டைத்தான் நாடு முழுவதற்கும் விரித்தார். பெரிய டாக்டர்களின் சங்கம் கடைசிவரை முட்டுக்கட்டை போட்டது. ஆக, இலவச மருத்துவம் எந்தக் கனவான் மூளையிலும் உதித்ததல்ல. சுரங்கத் தொழிலாளி காசு சேர்த்துக் கற்றுக்கொண்ட பாடம் அது. 22 வருஷம் முன்னால் அது வந்திருந்தால் மாரியன் பெயரில்லாக் குழிக்குப் போயிருப்பாளா? ஹாரி வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்வி இதுதான்.

ஆனால் சத்தியத்தை முழுவதும் சொல்ல வேண்டும். அதே தொழிற்கட்சி சர்க்கார், இலவச மருத்துவம் தொடங்கிய ஜூலைக்கு ஒரு மாதம் முன்னால், 1948 ஜூனில், மலேயாவில் அவசரநிலை பிரகடனம் செய்தது. ரப்பர்த் தோட்ட முதலாளிகளுக்காகத் தொழிற்சங்கங்களை நசுக்கியது. மலேயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த நம் தமிழ்த் தோழர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4-ந் தேதி தூக்கிலிட்டது. சொந்த நாட்டுத் தொழிலாளிக்கு மருந்து. காலனி நாட்டுத் தொழிலாளிக்குத் தூக்குக் கயிறு! ஏகாதிபத்தியத்தோடு சமரசம் செய்துகொண்ட கட்சியின் லட்சணம் இதுதான்.

அந்தச் சமரசம் சொந்த நாட்டுத் தொழிலாளியையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்கா நடத்திய கொரியா யுத்தத்தில் பிரிட்டன் போய்ச் சேர்ந்தது. ஆயுதச் செலவு ஏறிற்று. 1951 பட்ஜெட்டில் மூக்குக்கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் நோயாளியிடம் காசு வாங்க வேண்டும் என்றார்கள். பெவன் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். மூன்று வயதுக் குழந்தையான இலவச மருத்துவத்தின் கையில் முதல் வெட்டு விழுந்தது பீரங்கி வாங்குவதற்காக! தோழர்களே, இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சமாதானத்துக்காகக் கையெழுத்து வாங்க நம் தோழர்கள் வீடு வீடாகப் போனபோது, யுத்தம் எங்கேயோ நடக்கிறது, நமக்கென்ன என்று கேட்டவர்கள் உண்டு. யுத்தம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போர்வையை உருவுகிறது. இதுதான் நமக்கென்ன என்பதற்குப் பதில்.

கிழவர் பேனா எடுத்தார்

1950-களில் ஹாரி மனைவியோடு கனடாவுக்குக் குடியேறினார். கம்பளி விரிப்பு வியாபாரத்தில் வேலை பார்த்தார். மூன்று ஆண்பிள்ளைகள். வீடு, பிள்ளைகள் படிப்பு, மனைவியின் சுகம் என்று மற்றவர்களைப்போல் குடும்பஸ்தராக வாழ்ந்தார். ஓய்வு பெற்றார். மனைவி போனார். 2009-ல் நடு மகன் 50 வயதில் இறந்தான். எண்பத்தாறு வயதில் பெற்ற மகனைப் பறிகொடுத்த துக்கம். நாற்காலியில் சாய்ந்து சாவை எதிர்பார்ப்பதுதான் வழக்கம். ஹாரி பேனாவை எடுத்தார். ஏழு வயதில் தள்ளுவண்டி தள்ளிய கை, தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதத் தொடங்கியது.

ஏன் எழுதினார்? தம் காலத்து அவலங்கள் திரும்ப வருவதைக் கண்டார். 2008-ல் பாங்கி முதலாளிகள் சூதாடி உலகத்தைக் கவிழ்த்தார்கள். நஷ்டத்தைச் சர்க்கார் தலையில் கட்டினார்கள். அதை ஈடுகட்ட, சிக்கனம் என்ற பெயரில், 2010 முதல் பிரிட்டிஷ் சர்க்கார் ஏழைகளின் உதவித்தொகையை வெட்டியது. 2012-ல் ஒரு சட்டம் செய்து, பொது மருத்துவத்துக்குள் தனியார் கம்பெனிகள் நுழையக் கதவை அகலத் திறந்தது. ஜனங்கள் தானியப் பொட்டலத்துக்குத் தர்ம நிலையங்களின் வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் ஹாரி தம் தாயாரைக் கண்டார். தம் அக்காளைக் கண்டார்.

இங்கிலாந்தில் நவம்பர் மாதத்தில் யுத்தத்தில் மாண்டவர்கள் ஞாபகமாகச் சட்டையில் சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொள்வது வழக்கம். 2013 நவம்பரில், 90 வயதில், ஹாரி ஒரு பத்திரிகையில் எழுதினார்: இந்தப் பூவைக் குத்துவது எனக்கு இதுவே கடைசித் தடவை. செத்த சிப்பாய்களின் பெயரைச் சொல்லி ஈராக் யுத்தம் போன்ற அநியாயங்களுக்கு நியாயம் கற்பிக்கிறார்கள். அதற்கு என் மார்பு இடம் தராது என்பது அதன் சாரம். நாடே பரபரத்தது. பூ குத்தாதவன் தேசத்துரோகி என்று பேசுகிற பெரிய மனிதர்களால் இவரை என்ன செய்ய முடியும்? யுத்தத்துக்குப் போனவரே அவர்தானே!

2014 செப்டம்பரில் மான்செஸ்டர் நகரத்தில் தொழிற்கட்சி மாநாடு. 91 வயதுக் கிழவர் மேடை ஏறினார். மாரியன் செத்த கதையைச் சொன்னார். தெருவில் கேட்ட அந்தக் கதறலைச் சொன்னார். என் இறந்தகாலம் உங்கள் எதிர்காலமாகிவிடக் கூடாது என்ற பொருளில் எச்சரித்தார். பொது மருத்துவத்தின்மேல் கை வைக்காதே என்று அன்றைய பிரதம மந்திரி கேமரூனுக்குச் சவால் விட்டார். மண்டபத்தில் பலர் கண்ணீர் விட்டு அழுதார்கள். 88 வருஷத்துக்கு முன் பெயரில்லாமல் புதைக்கப்பட்ட பத்து வயதுச் சிறுமியின் பெயர் அன்றைக்கு நாடு முழுவதும் கேட்டது.

பிறகும் சும்மா இருக்கவில்லை. பிரான்சில் கலே என்ற ஊரில் சேற்றில் கூடாரம் போட்டுக் கிடந்த யுத்த அகதிகளைப் பார்க்கப் போனார். யுத்த முடிவில் ஐரோப்பாவின் சாலைகளில் மூட்டை முடிச்சோடு நடந்த அகதிகளை அவர் பார்த்தவர். அந்த ஜனங்களும் இந்த ஜனங்களும் ஒன்றே என்று எழுதினார். சாகும்வரை அகதிகளுக்காகவே பேசினார்.

அவர் கம்யூனிஸ்டா?

இல்லை. அவர் தொழிற்கட்சி மனிதர். தேர்தலில் நல்லவர்களை அனுப்பினால் போதும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை நாம் ஏற்கவில்லை. முதலாளித்துவத்தை வேரோடு விட்டுவைத்து, கிளையில் பறித்த கனி எத்தனை நாள் கையில் இருக்கும்? 1948-ல் வாங்கியதை 1951-லேயே கடிக்கத் தொடங்கினார்களே! அந்தப் பாடத்தை அவருடைய வாழ்க்கையே சொல்லுகிறது; அவர் அதன் கடைசி வரி வரை போகவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக அந்தக் கனி அற்பம் என்று சொல்லுகிற தோழர்களையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூலி உயர்வும் எட்டு மணி நேரமும் இலவச மருத்துவமும் சீர்திருத்தம்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவன் ஒர்க்ஹவுஸ் நோயாளிக் கூடத்தில் தன் குழந்தையைப் போட்டுவிட்டு வந்தவன் அல்ல. வாங்கியதைக் காப்பாற்றத் தெரியாத வர்க்கம் புதியதை எப்படி வாங்கும்?

நமக்கு என்ன?

அதே 1948-ல் நம் நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது: இ.எஸ்.ஐ. சட்டம். 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் முதலில் அமுலாகி, பிறகு நம் ஆலைப் பகுதிகளுக்கும் வந்தது. ஆலைத் தொழிலாளி கையில் அட்டையோடு டாக்டரைப் பார்க்கிறார் என்றால் அது எந்த முதலாளியின் தர்மமும் அல்ல. அதில் அவருடைய சந்தாவும் இருக்கிறது. சங்கம் கட்டியவர்களின் ரத்தமும் இருக்கிறது. ஆனால் வயலில் நாற்று நடுகிற விவசாயத் தொழிலாளிக்கு அந்தச் சட்டத்தில் இடம் வைக்கவில்லை. அவருக்கு உள்ள ஒரே கதி சர்க்கார் ஆஸ்பத்திரி. பணம் இல்லை என்பதற்காக எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று 1946-லேயே போர் கமிட்டி அறிக்கை எழுதிவைத்தது. அறிக்கை அலமாரியில் இருக்கிறது. கந்துவட்டிக்கு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டிய குடும்பம் தெருவில் இருக்கிறது.

காசநோய்க்குச் சானிடோரியம் தேவையில்லை, மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் குடிசையில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்த ஆராய்ச்சி 1956 முதல் நடந்தது நம் சென்னை நகரத்தில்தான். அதற்கு உடம்பைக் கொடுத்தவர்கள் சென்னையின் ஏழை நோயாளிகள். அவர்களால் உலகம் முழுவதும் ஏழைகள் பிழைத்தார்கள். மருந்து இலவசமாகக் கைக்கு வந்ததால் பிழைத்தார்கள் என்பதை மறக்காதீர்கள்.

சிப்பாய்க்குச் செய்யும் மரியாதையையும் பாருங்கள். மேடைதோறும் ஜவானைப் புகழ்கிற இந்திய சர்க்கார், 2022-ல் அக்னிபத் என்ற திட்டம் கொண்டுவந்தது. நாலு வருஷம் வேலை. அதன்பின் நாலில் ஒருவருக்குத்தான் ராணுவத்தில் இடம். மற்ற மூன்று பேருக்குப் பென்ஷன் கிடையாது. ஆலையில் காண்டிராக்ட் முறையை எதிர்க்கிற தொழிலாளிக்கு இது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. எல்லையிலும் காண்டிராக்ட் கூலிதான்! சிப்பாயும் ஏழை வீட்டுப் பிள்ளை. அவன் பென்ஷனுக்காகப் பேசுவதும் அவன் தாயாருக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கேட்பதும்தான் அவனுக்குச் செய்யும் சல்யூட்.

ஹாரி ஸ்மித் செய்தது என்ன? ஆட்சியைப் பிடிக்கவில்லை, படை திரட்டவில்லை. ஞாபகத்தைக் காப்பாற்றினார். கிழவனாகிவிட்டேன், என் பேச்சை யார் கேட்பார்கள் என்று சொல்லாமல், கண்ட கொடுமையைக் கண்டபடி சொன்னார். ஜனங்கள் பழைய கதையை மறந்துவிட்டால் பழைய கொடுமையைப் புதிய பெயரில் கொண்டுவருவது முதலாளிகளுக்குச் சுலபம். அதனால்தான் அவர்கள் நமக்கு மௌனம் கற்பிக்கிறார்கள், இரண்டு நிமிஷ மௌனம் உள்பட.

நம் ஊர்களிலும் ஹாரிகள் இருக்கிறார்கள். சங்கம் இல்லாத காலத்து ஆலை எப்படி இருந்தது, பண்ணையாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மிராசுதார் வாசலில் எத்தனை நேரம் நிற்க வேண்டியிருந்தது, பிரசவத்தில் எத்தனை தாய்மார் வண்டிப் பாதையிலேயே மாண்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். கேளுங்கள். வாலிபர்களைக் கூட்டிவைத்துப் பேசச் சொல்லுங்கள். சொல்லுவதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சங்கக் காரியாலயத்தில் கொடி மரத்துக்கு அடுத்தபடி காப்பாற்ற வேண்டிய சொத்து அந்த நோட்டு.

தோழர் அல்லாத தோழர் ஹாரி ஸ்மித்துக்கு நம் செவ்வணக்கம். மாரியனுக்குக் கல் வைக்கவில்லை. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் துணை சுகாதார நிலையத்துக்கு நர்சும் மருந்தும் கேட்டு எழுந்து நில்லுங்கள். அந்தக் குழந்தைக்கு வைக்கும் கல் அதுவே.